சமைக்காமல் வாசிப்பது

இரவுச் சாப்பாடு முடிந்து அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு வந்து உட்காரும்போது, பல நாட்களில் கை சமையல் புத்தகத்துக்குத்தான் போகும். மறுநாளைக்கு என்ன செய்யலாம் என்று பார்க்க அல்ல, சும்மா வாசிக்கத்தான். "சாம்பார் வைக்கத் தெரியாதா உனக்கு? அதுல படிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்பாள் அம்மா. அவள் வாழ்நாளில் ஒரு சமையல் புத்தகத்தையும் திறந்து பார்த்ததில்லை. அது அவளுக்குத் தேவைப்படவும் இல்லை.

படிக்க நிறைய இருக்கிறது. அந்த வீட்டில் எத்தனை பேருக்கு உலை வைத்தார்கள், என்ன விறகு எரித்தார்கள், கூடமாட உதவ ஆள் இருந்ததா, எழுதியவர் எந்த இடத்தில் வாசகி சொதப்பிவிடுவாள் என்று பயந்தார் என்பதெல்லாம் ஒரு குறிப்பிலேயே தெரிந்துவிடும். 'கைவிடாமல் கிளறவும்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு சொல்லுக்குள் ஒருத்தி முக்கால் மணிநேரம் அனலில் நிற்கிறாள்.

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. கல்யாணமாகி வெளிநாடு போகிற பெண்ணின் பெட்டியில் அதை வைத்து அனுப்புகிற வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அவருடைய கைப்பக்குவம் உறவு வட்டத்தில் பெயர் பெற்றது. இது எப்படி, அது எப்படி என்று உறவுக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவரும் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இதையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போடலாமே என்று தூண்டியவர் உறவினரான கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர். மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று எல்லாரும் ஒரே அடுக்களையில் நின்ற காலத்தில் யாருக்கும் எழுதி வைக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும், நாலு வசவு வாங்கினால் தானாக வந்துவிடும். உத்தியோகத்துக்காகக் குடும்பங்கள் தனித்தனியாகப் பிரிந்து ஊர் ஊராகப் போன பிறகுதான் காகிதம் தேவைப்பட்டது. யாரோ ஒருவர் வீட்டைவிட்டுத் தூரமாகப் போனதால்தான் சமையல் குறிப்பு என்ற ஒன்றே எழுதப்படுகிறது என்று எனக்குப் படுகிறது.

1951இன் அடுக்களையை நினைத்துக்கொண்டு அந்தக் காலத்துக் குறிப்புகளைப் படிக்க வேண்டும். குக்கர் இல்லை, மிக்ஸி இல்லை, எரிவாயு உருளை இல்லை. விறகு, கரி, மரத்தூள். வெண்கலப் பானை, ஈயச் சொம்பு, அம்மி, ஆட்டுக்கல். அளவெல்லாம் ஆழாக்கிலும் பலத்திலும் இருக்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று தெரியாதவர்கள் வாய்ப்பாட்டைத் தேடிக்கொண்டு போக வேண்டியதுதான். 1956இல் சட்டம் வந்து, கிராமும் லிட்டரும் மெல்ல மெல்லக் கடைத்தெருவைப் பிடித்துக்கொண்டன. ஆனால் எலுமிச்சங்காய் அளவு புளியை மட்டும் இன்றுவரை எந்தச் சட்டத்தாலும் அசைக்க முடியவில்லை. அது நாட்டு எலுமிச்சையா, ஒட்டு எலுமிச்சையா என்று கேட்பாரும் இல்லை.

பிரிந்து போனவளின் சமையல் என்பது நமக்குப் புதிய விஷயமும் அல்ல. குறுந்தொகையின் 167ஆம் பாடல் கூடலூர் கிழாருடையது. கணவன் வீட்டுக்குப் போன பெண் எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்றவளிடம் சொல்கிறாள். முற்றிய தயிரைக் கையால் பிசைகிறாள் அந்தப் பெண். அதே விரலை உடுத்திய துணியில் துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை மைக்கண்ணில் ஏறுகிறது. துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று சொல்லிச் சாப்பிட, அவள் முகம் மெல்ல மலர்கிறது. மோர்க்குழம்பின் மூதாதை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. உரையாசிரியர்களும் பட்டிமன்றப் பேச்சாளர்களும் கணவனின் பாராட்டையும் அந்த முக மலர்ச்சியையும் விரித்துப் பேசுவார்கள். என் மனம் புகையிலேயே நின்றுவிடும். செல்லமாக வளர்ந்தவள், அழுக்குத் துணியோடு, கண் எரிய நிற்கிறாள். அதைச் செவிலி கவனித்திருக்கிறாள், பெற்றவளிடம் விட்டுவிடாமல் சொல்லியும் இருக்கிறாள். வீட்டுச் சமையலின் வரலாற்றை எழுதப் புகுபவர்களுக்கு அந்தச் செவிலியின் கண் வேண்டும்.

அந்தக் கண் இல்லாத புத்தகங்களும் சுவையானவைதான். சென்னைக் குதிரைப்படை அதிகாரியான ஆர்தர் கென்னி-ஹெர்பர்ட், 'வைவர்ன்' என்ற புனைபெயரில் மதராஸ் துரைமார் வீடுகளுக்காக ஒரு சமையல் நூல் எழுதினார். 1878இல் அதை வெளியிட்டது நம் ஹிக்கின்பாதம்ஸ். பிரெஞ்சு சாஸ், சூப், வறுத்த இறைச்சி என்று விலாவாரியாகப் போகும் அந்த நூலில், வீட்டுச் சமையல்காரருக்கு 'ராமசாமி' என்று பொதுவாக ஒரு பெயர். ராமசாமிக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள், ராமசாமி தன் வழக்கப்படிதான் செய்யப் பார்ப்பார் என்ற தோரணையில் அறிவுரைகள். மனிதருக்கு நியாய உணர்வு இல்லாமல் இல்லை: பங்களாக்களின் சமையல்கட்டு இருக்கிற கேவலமான நிலைமைக்கு எஜமானர்களையே குறை சொல்கிறார். இருந்தாலும் நான் அதைப் படிக்கும்போதெல்லாம் மறுபக்கத்தைத்தான் யோசிப்பேன். துரை வெள்ளை சாஸை ருசி பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போன பிறகு, ராமசாமி பின்கட்டில் தனக்கென்று என்ன காய்ச்சிக் குடித்தார்? அந்த சாஸைப் பற்றி வீட்டில் போய் மனைவியிடம் என்ன சொல்லிச் சிரித்தார்? எந்த ராமசாமியும் புத்தகம் எழுதவில்லை.

உணவு வரலாறு படிப்பதில் எனக்குப் பிடித்த இன்னொன்று, நம் பெருமைகளை அது லேசாகக் கிள்ளிவிடுவது. எண்ணெய் வேதியியல் அறிஞரான கே.டி. அச்சயா 1994இல் இந்திய உணவின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதினார். இட்லியின் பழைய தடம் 920ஆம் ஆண்டையொட்டிய கன்னட நூலான வட்டாராதனையில் இருக்கிறது என்றார். அந்தப் பழைய குறிப்புகளில் உளுந்துதான் உண்டு. அரிசி சேர்ப்பதும், மாவைப் புளிக்க வைப்பதும், ஆவியில் வேகவைப்பதும் இல்லை என்றும் சுட்டிக்காட்டினார். இந்தோனேசியாவிலிருந்து வந்த முறையாக இருக்கலாம் என்ற அவருடைய ஊகத்தை மறுப்பவர்கள் உண்டு. ஊகம் ஊகம்தான். ஆனால் அதைச் சொன்னதும் சாப்பாட்டு மேசையில் கிளம்புகிற கோபம் இருக்கிறதே, அதற்காகவே அவ்வப்போது சொல்லிப் பார்ப்பேன்.

மிளகாய் விஷயத்தில் ஊகத்துக்கு இடமில்லை. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்து, போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே கண்டத்துப் பயிர்கள். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதற்கு முன்பே பல வீடுகளின் திவசச் சமையல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளை, கோஸ், பீன்ஸ் எதுவும் கிடையாது. மிளகு, வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பாகற்காய், பிரண்டைத் துவையல். ஏன் என்று கேட்டால் 'பித்ருக்களுக்கு ஆகாது' என்பார்கள். அவர்கள் காலத்தில் அதெல்லாம் இல்லை என்பதுதான் சங்கதி. காஞ்சிபுரம் கோயில் இட்லியிலும் மிளகு, சீரகம், சுக்குதான். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சமையல்கட்டு ஒன்றை, தெரிந்தோ தெரியாமலோ, சடங்கு கட்டிக் காத்து வைத்திருக்கிறது.

ஆனால் யாருடைய சமையல்கட்டு? நம் பழைய பாகசாஸ்திரங்களைப் புரட்டினால் அரண்மனையும் அக்ரகாரமும் தெரிகிற அளவுக்கு மற்ற வீடுகள் தெரிவதில்லை. கம்பங்கூழ், பழைய சோறு, நீராகாரம், கருவாட்டுக் குழம்பு, வயலில் பிடித்த நண்டு, ஆட்டின் தலையும் காலும் குடலும் எல்லாம் எழுத வேண்டாதவை என்று விடப்பட்டன. எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் சில. சொன்னால் மதிப்புக் குறையும் என்பதால் சில. கரிசல் காட்டின் கம்மஞ்சோற்றைத் தேடி நாம் கி.ராஜநாராயணனின் கதைகளுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. மராத்தியில் ஷாஹூ பாட்டோளே 2015இல், மராத்வாடாவின் தலித் வீடுகளில் உண்டவற்றை ஒரு நூலாகவே எழுதினார். நெய், பால், எண்ணெய் என்ற தாராளம் எதுவும் இல்லாத சமையல் அது. 2024இல் ஆங்கிலத்திலும் வந்தது. நாக்கில் நீர் ஊறுவதற்காக அந்த நூலை யாரும் எடுக்கப்போவதில்லை. கிடைத்ததைக் கொண்டு வயிற்றை நிரப்பிய திறமை அதில் இருக்கிறது. அந்தத் திறமைக்கு விருந்துச் சமையலைவிட ஒரு படி மேலேயே மதிப்புக் கொடுப்பேன்.

இந்த இடத்தில்தான் உணவு எழுத்தின் ஏக்கத் தொனி எனக்கு உறுத்துகிறது. அம்மியில் அரைத்த துவையல், ஆட்டுக்கல்லில் ஆட்டிய மாவு, விறகடுப்புச் சோறு என்று எழுதுகிறவர்களில் பாதிப்பேர் குழவியைப் பிடித்தவர்களாக இருக்க மாட்டார்கள். அந்த ருசி உண்மைதான். அதற்கு விலை கொடுத்தது வேறு யாருடைய தோள்பட்டையோ. மிக்ஸி வந்தபோது அம்மா அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டாள். அம்மிச் சட்னி பற்றிய கட்டுரை ஒன்றை நான் ரசித்து வாசித்துக் காட்டியபோது, "எழுதினவரை ஒரு வாரம் அரைக்கச் சொல்லு" என்றதோடு பேச்சை முடித்துக்கொண்டாள். அதற்காகப் பழைய ருசியை விட்டுவிட முடியுமா என்றால், என்னால் முடியாது. அவ்வப்போது கல்லில் அரைக்கிறேன், விருப்பப்பட்டு. விருப்பப்பட்டு அரைப்பதும் விடிந்தால் அரைத்தாக வேண்டியிருந்ததும் வேறு வேறு என்பது மட்டும் நினைவிருந்தால் போதும்.

நான் தேடுகிற புத்தகம் ஒன்று இன்னும் கையில் கிடைக்கவில்லை. ஒரு சாதாரண வீட்டின் அடுப்படியை ஒரு வருஷம் முழுக்க எழுதி வைத்த புத்தகம். தீபாவளியும் பொங்கலும் அதில் நாலு பக்கம் இருந்தால் போதும். மிச்சமெல்லாம் மற்ற நாட்கள்: மாசக் கடைசியில் பருப்பு எவ்வளவு தண்ணியானது, தீய்ந்துபோன பொரியலை எப்படி ஒப்பேற்றினார்கள், நேற்றைய ரசம் எத்தனை நாள் ஓடியது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, பத்துப் பாத்திரத்தை யார் தேய்த்தது, எல்லாரும் எழுந்து கை கழுவிய பிறகு உட்கார்ந்தவளுக்குச் சட்டியில் என்ன இருந்தது.