குழல்வாய்க்கு அப்பால்

கல்கிசையில் பழைய வீடொன்றை இடித்து மாடிக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள் என்றால், முதலில் வெளியே வருவது மரச்சாமான்கள். தேக்கு அலுமாரி, பிரம்பு பின்னிய சாய்மனைக் கதிரை, ஊசல் மணிக்கூடு எல்லாவற்றுக்கும் பழம்பொருள் வியாபாரிகள் உடனே விலை சொல்லிவிடுவார்கள். பெரிய உத்தியோகம் பார்த்தவர்கள், தோட்டத் துரைமாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள் வாழ்ந்த சில வீடுகளில் அபூர்வமாக இன்னொரு பொருளும் இருக்கும்: தோல் பெட்டிக்குள் கழற்றி வைத்த ஆங்கிலேய இரட்டைக்குழல் துவக்கு. அது அலுமாரியைப்போல் கைமாறாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் அதற்குக் காவல் நிற்கிறது. அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. வாங்க நினைப்பவர் பணத்தை எண்ணுவதற்கு முன் தன் பெயரில் அனுமதி பெற்றாக வேண்டும்.

இந்தத் துவக்குகளைத் தேடி அலைபவர்களை நான் அறிவேன். அது வெறும் பணக்காரப் பித்து என்று ஒதுக்கிவிட என்னால் முடிவதில்லை. அந்த வேலைப்பாடு மனிதக் கை எட்டிய உயரங்களில் ஒன்று என்றே நம்புகிறேன்.

ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றும் எவ்வளவு பருமனோ, அதுதான் 'டுவெல்வ் போர்' துவக்கின் குழல் அகலம். ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். அப்படி இரண்டு குழல்களைப் பக்கம் பக்கமாகப் பொருத்தி, மொத்தத்தையும் 3 கிலோ அளவில் நிறுத்துகிறார்கள். 1875இல் பேர்மிங்ஹாம் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் அன்சன், டீலி இருவரும் ஒரு பொறிமுறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். தோட்டா போடுவதற்காகக் குழலை மடிக்கும்போதே உள்ளிருக்கும் சுத்தியல்கள் தாமாக இழுபட்டு நிற்கும். 1880இல் பிரெடெரிக் பீஸ்லி உருவாக்கிய இன்னொரு பொறிமுறையை லண்டன் பேர்டி நிறுவனம் வாங்கிக்கொண்டது. இன்றும் பேர்டியின் பக்கக்குழல் துவக்குகள் அதே முறையில்தான் இயங்குகின்றன. பின்வந்த காலத்தால் திருத்த வேண்டிய அவசியம் ஏற்படாத பொருள்கள் உலகில் அதிகம் இல்லை.

அதைவிட என்னை நெகிழ்விப்பது உட்புற வேலை. இரண்டு இரும்புப் பரப்புகள் முழுவதும் படிகின்றனவா என்று பார்க்க, ஒன்றின்மேல் விளக்குக் கரியைப் பூசி மற்றதை அதில் வைத்து எடுப்பார்கள். கரி ஒட்டிய மேடு எதுவோ அதை மட்டும் அரத்தால் ஒரு இழை தேய்ப்பார்கள். மறுபடி கரி, மறுபடி அரம். நல்ல துவக்கொன்று இப்படிப் பல நூறு மணித்தியால வேலையை விழுங்கும். அதில் பெரும்பகுதி, பூட்டிய பிறகு எவர் கண்ணுக்கும் படாத இடத்தில்தான்.

வாங்கப் போகிறவர் பார்க்கவேண்டியதும் அந்த மறைவிடங்களைத்தான். வெளியே செதுக்கிய பூவேலையில் மயங்குபவர் ஏமாறுவார். முன்பிடியைக் கழற்றிவிட்டு, மூடிய நிலையில் மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும். குழலுக்கும் உடலுக்கும் இடையில் ஆட்டம் இருந்தால் அது நெடுங்காலம் சுட்டுத் தேய்ந்த துவக்கு. குழல்களைத் தனியே விரலில் தொங்கவிட்டுச் சுண்டினால் கோயில் மணிபோல் நீண்டு ஒலிக்கவேண்டும். மொட்டையாக ஓசை எழுந்தால், குழல்களைச் சேர்த்திருக்கும் பட்டையின் பற்றாசு எங்கோ விட்டிருக்கிறது. கடலோர உப்புக்காற்று அந்தப் பட்டையின் அடியில் புகுந்து துருவாகத் தின்பது வெளியே தெரியாது. தோட்டா அறையின் நீளமும் முக்கியம்: பழைய துவக்குகள் பெரும்பாலும் இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கானவை, இன்று பரவலாகக் கிடைப்பது இரண்டே முக்கால். அதுவும் உள்ளே நுழைந்துவிடும், வெடிக்கும்போது முன்மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் செய்த பழைய குழல் அதைத் தாங்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

பிறகு, குழலின் அடிப்பாகத்துத் தட்டையில் இருக்கும் முத்திரைகள். லண்டன் துவக்குக் கம்மியர் சங்கத்துக்கு 1637இல் அரச சாசனம் கிடைத்தது. பேர்மிங்ஹாம் சோதனைச்சாலை 1813இல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. புதிதாகச் செய்த குழலில் வழக்கத்தை விட மிகுந்த மருந்தை அடைத்து அவ்விரு இடங்களிலும் வெடிப்பார்கள். வீங்காமல், பிளக்காமல் தப்பிய குழலுக்கு மட்டுமே முத்திரை. முத்திரையில்லாத துவக்கை விற்பது அந்நாட்டில் குற்றம். செய்தவன் சொல்லை நம்பாமல், விற்பவன் சொல்லை நம்பாமல், பொருளையே சாட்சிக் கூண்டில் ஏற்றும் இந்த ஏற்பாடு எனக்கு மிகுந்த மரியாதைக்குரியதாகப் படுகிறது.

ஆனால் சோதனை குழல்வாயோடு முடிந்துவிடுகிறது.

அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதற்கு இலங்கை நல்ல சாட்சி. மேஜர் தோமஸ் றோஜர்ஸ் என்ற அதிகாரி 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறக்கும்வரை ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் தன் வேட்டைகளை 1850களில் இரண்டு நூல்களாகவே எழுதினார். துரைமார் மட்டுமல்ல: வட மாகாணத்தில் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் சுமார் 3,500 யானைகளை உள்ளூர் மக்கள் கொன்று அரசிடம் சன்மானம் பெற்றதாகப் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துத் துவக்குகள் வாய்வழி மருந்திடுபவை. அவற்றையும் யாரோ ஒரு தொழிலாளி விளக்கொளியில் கண் நோக அரம் போட்டுத்தான் செய்திருப்பான். அவன் வேலையில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

செய்தவன் பொறுப்பு எதுவரை என்ற கேள்வி பேர்மிங்ஹாமிலேயே ஒருமுறை நேருக்கு நேர் எழுந்தது. சாமுவேல் கோல்ற்றன் அங்கே துவக்குத் தொழிலில் செல்வம் சேர்த்த குடும்பத்தவர். போரை மறுக்கும் குவேக்கர் சபையின் உறுப்பினர். அவர் குடும்பத்துத் துவக்குகள் இராணுவத்துக்கும், அடிமை வியாபாரம் நடந்த ஆபிரிக்கக் கரைக்கும் போயின. சபை அவரை விளக்கம் கேட்டது. இது முன்னோர் வழி வந்த தொழில், செய்வதால் மட்டும் அதன் தவறான பயனை நான் ஆதரித்தவனாகிவிடுவேனா, வரி கட்டும் நீங்களும் போருக்குப் பணம் கொடுக்கவில்லையா என்ற விதமாக அவர் வாதாடினார். சபை 1796இல் அவரை விலக்கியது. நான் பல முறை யோசித்திருக்கிறேன், யார் பக்கம் நியாயம் என்று. வரி பற்றிய அவருடைய கேள்விக்கு எவராலும் எளிதில் பதில் சொல்ல முடியாது. அந்தளவில் அவர் சரி. ஆனால் ஒரு பொருள் எங்கே போகிறது என்று தெரிந்த பிறகும், அதைச் செய்த நேர்த்தியின் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ள முடியாது. இதில் சபைதான் ஆழமாகப் பார்த்தது. வாங்குபவருக்கும் அது பொருந்தும். வேலைப்பாட்டின் அழகு செய்தவனுடைய சம்பாத்தியம். அதை விலை கொடுத்து வாங்கும்போது அவனுடைய நேர்மையும் நமக்கு வந்து சேர்வதில்லை. ஏந்துபவருக்கு முத்திரை குத்தும் சோதனைச்சாலை எங்கும் இல்லை. அவர் காலம் முழுவதும் சோதிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறார்.

சிலர் அந்தச் சோதனையில் மாறியும் இருக்கிறார்கள். 1894இல் இலங்கையில் வேட்டைப் பிராணிகள் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தவர்கள் பெரும்பாலும் வேட்டைக்காரர்களே. விற்பனைக்காக நடந்த கொலையைக் கண்டு அவர்களுக்கே மனம் பொறுக்கவில்லை. அந்தச் சங்கம்தான் பின்னாளில் வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. 1937இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின.

துவக்குகளின் கதை அதோடு தணியவில்லை. 1971 ஏப்ரலில் அரசுக்கெதிராக எழுந்த கிளர்ச்சியில் இளைஞர்கள் வீடுகளில் இருந்த வேட்டைத் துவக்குகளைப் பறித்துக்கொண்டு பொலிஸ் நிலையங்களைத் தாக்கினார்கள். பயிர்காக்கவென்று அனுமதி கொடுத்த துவக்குகள் மனிதரை நோக்கித் திரும்பின. பின்னர் தெற்கிலும் வடக்கிலும் அதே பறிப்பு மறுபடி நடந்தது. தற்பாதுகாப்புக்காகத் துவக்கு வேண்டும் என்று சொல்வோரிடம் நான் 1983 ஜூலையைப் பற்றிப் பேசுவேன். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கல்கிசையிலும் தமிழர் வீடுகள் எரிந்த நாள்களில், எத்தனையோ உயிர்களைக் காத்தது அயல்வீட்டுச் சிங்களக் குடும்பங்கள் திறந்துவிட்ட பின்கதவுதான். இன்னொரு புறம், 2023இல் மட்டும் இந்த நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. துவக்குச் சூடு அதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று. ஒரே இரவில் வயலையும் வாழையையும் இழந்த விவசாயியை அதற்காக நான் கொடியவன் என்று சொல்லமாட்டேன். அவன் நிலையில் நிற்காத கல்கிசைவாசிக்கு அப்படிச் சொல்லும் உரிமை இல்லை.

அப்படியானால் இன்று ஒருவர் ஏன் வாங்கவேண்டும்? ஒரு காரணம் எனக்குச் சரியாகப் படுகிறது. நல்ல ஆங்கிலேயத் துவக்கு ஒரு குறிப்பிட்ட மனிதனின் உடம்புக்கு அளந்து செய்தது. அவன் கை நீளத்துக்கு மரப்பிடியின் நீளம், அவன் கழுத்துக்கு அதன் இறக்கம், அவன் தோளுக்கு அதன் பக்கச் சாய்வு. நூறு வருடத்துக்கு முன் இறந்தவனின் உடம்பளவு அந்த அக்ரூட் மரத்தில் அப்படியே இருக்கிறது. வாங்கியவர் தோளில் வைத்தால் பொருந்தாது. சிலர் சூடான எண்ணெயால் மரத்தை இளக்கித் தமக்கேற்ப வளைத்துக்கொள்வார்கள். அதை வளைக்காமல், சுடாமல், இன்னொருவருக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்தே துடைத்து எண்ணெய் பூசி வைத்திருப்பவரிடம்தான் ஒரு கைத்தொழிலின் நினைவு பத்திரமாக இருக்கும். அந்த மனிதர்களை நான் மதிக்கிறேன்.

என்னிடம் யோசனை கேட்பவர்களிடம், முத்திரையையும் தோட்டா அறையையும் ஓசையையும் தேர்ந்த கம்மியர் ஒருவரிடம் காட்டிப் பார்க்கச் சொல்கிறேன். கச்சேரியில் அனுமதி எழுத்தில் கிடைக்கும்வரை ஒரு சதம்கூட முற்பணம் கொடுக்கவேண்டாம் என்கிறேன். அதன்பின், உங்கள் காலத்துக்குப் பிறகு இந்தப் பெட்டியின் திறப்பு யார் கைக்குப் போகும், அவர் கோபத்தில் எப்படிப்பட்டவர் என்று கேட்கிறேன். பலர் பிள்ளைகளின் முகங்களை மனதுக்குள் ஒவ்வொன்றாகப் பார்ப்பது தெரியும். ஒரு பெயரைத் தயங்காமல் சொல்ல முடியாதவரிடம், தயவுசெய்து வாங்கவேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.