வலியும் வேண்டுதலும்: இரண்டாவது அம்பு



"இவ்ளோ கும்பிடுறியே, இன்னும் ஏன் இடுப்பு வலி போகல?" தீராத வலியோட இருக்கற பக்தர்கள் நிறைய பேர் இதைக் கேட்டிருப்பீங்க. கேட்கறவங்க சாதாரணமா கேட்டுட்டுப் போயிடுவாங்க. நமக்குத்தான் "என் பக்தியில குறையா? போன ஜென்மத்துப் பாவமா?"ன்னு ராத்திரி பூரா மனசுல ஓடும். கம்ப்யூட்டர் முன்னாடியே உக்கார்ற வேலை, மூணு வருஷமா இடுப்பு வலி. அதனால எனக்கும் இந்தக் கேள்வி பழக்கம்தான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் போற வழியில, தலைவாசல் பக்கம் தியாகனூர்ல பழைய புத்தர் சிலைகள் இருக்கு. அதனால புத்தர் நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. சம்யுத்த நிகாயத்துல அவர் சொன்ன உவமை இது: உடம்பு வலி முதல் அம்பு. அதை நினைச்சுப் புலம்பி மனசு படற வேதனை இரண்டாவது அம்பு. முதல் அம்பு ஞானிக்கும் படும், இரண்டாவது படாது.

1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் இந்த வழியை நாள்பட்ட வலி உள்ளவங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சார். படுத்துக்கிட்டு, ஒவ்வொரு உறுப்பா மனசால கவனிக்கணும். வலி இருந்தா விரட்டாம, அது எப்படி இருக்குன்னு மட்டும் பார்க்கணும்.

எனக்கு உடனே கந்த சஷ்டி கவசம் ஞாபகம் வந்துச்சு. கண், காது, முதுகு, இடுப்பு, பாதம்னு ஒவ்வொரு உறுப்புக்கும் வேலைக் காவலா வெக்கறார் தேவராய சுவாமிகள். அது வேண்டுதல், இது கவனிப்பு, ரெண்டும் வேற வேறதான். ஆனா அவசரமா ஓட்டாம, இடுப்புன்னு வரும்போது மனசை அங்கேயே வெச்சுச் சொல்லிப் பாருங்க. இறுக்கம், சூடு, குத்தல்னு வலி மாறிக்கிட்டே இருக்கும். கல்வராயன் மலையில வெள்ளிமலை ரோடு மாதிரி, ஏத்தமும் வரும், கொஞ்சம் சமமான இடமும் வரும்.

அப்போ வேண்டிக்கறதே தப்பா? தப்பே இல்ல. பிள்ளை அப்பன்கிட்டதானே கேட்கும்! ஆனா "வலி போனாத்தான் நீ இருக்கேன்னு நம்புவேன்"னு சொன்னா அது பேரம் ஆயிடும். வலி இருக்கும்போதே அவன் காலைப் பிடிச்சுக்கறதுதான் சரணாகதி.

இது வைத்தியத்துக்குப் பதில் கிடையாது. கால் மரத்துப் போனா, வலி கூடினா டாக்டரைப் பாருங்க. இன்னொண்ணு, வலியில இருக்கறவங்ககிட்ட "எல்லாம் கர்மா"ன்னு சொல்லாதீங்க. முதல் அம்பைத் தடுக்க நம்மால முடியாம போகலாம். இரண்டாவதை நாமளே எய்ய வேண்டாம்.

வேலும் மயிலும் துணை 🙏