தன்னுடலும் தனிச்சொத்தும்

“என் உடலிலிருந்து எடுத்ததை என் உடலுக்கே திருப்பிச் செலுத்த எவருடைய அனுமதி வேண்டும்?” கேட்பதற்கு நியாயமான கேள்விதான். மனிதன் தன் உடலுக்குத் தானே உரியவன் என்னும் கோட்பாடு, அடிமை முறையை எதிர்த்த போராட்டங்களிலே இரத்தம் சிந்திப் பெறப்பட்டது. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. எனினும், இன்று அதை எடுத்தாள்வோர் யாவர் என்பதையும் நாம் பார்க்கவேண்டியிருக்கிறது.

உறிஞ்சியெடுத்துக் கழித்துவிடப்படும் மனிதக் கொழுப்பில், எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறத்தக்க கலங்கள் உள்ளன என்பதை 2001ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் பற்றீசியா சூக்கும் அவருடைய குழுவினரும் காட்டினர். அரிய கண்டுபிடிப்பு. ஆனால் கண்ணாடிப் பாத்திரத்தில் நிகழ்வது நோயாளியின் உடலிலும் நிகழுமா என்பதைச் சோதிக்க ஆண்டுகள் பல வேண்டும். வாணிபமோ அதுவரை காத்திருக்கவில்லை.

2015ஆம் ஆண்டில் புளோரிடாவில், பார்வை மங்கிய மூதாட்டியர் மூவர், தலைக்கு 5,000 டொலர் செலுத்தி ஒரு சிகிச்சை நிலையத்தை நாடினர். வயிற்றுக் கொழுப்பை எடுத்து, நொதியத்தால் கலங்களைப் பிரித்து, இரு கண்களிலும் ஒரே நாளில் ஊசி ஏற்றினார்கள். ஒரு கண்ணில் செய்து பார்த்துப் பொறுத்திருக்கும் சாதாரண எச்சரிக்கை கூட அங்கே இல்லை. விழித்திரை கழன்றது, இரத்தம் கசிந்தது, மூவரும் பார்வையை இழந்தனர். 2017இல் மருத்துவ ஏடொன்று இதனை விரிவாக வெளியிட்டது. தாம் ஓர் ஆராய்ச்சியில் பங்குபற்றுவதாகவே அவர்களுள் சிலர் நம்பியிருந்தனராம்! ஆராய்ச்சிக்கு உடலைக் கொடுத்தவரே அதற்குக் கட்டணமும் கட்டினார் என்றால், அது எந்த வகை ஆராய்ச்சி?

இதிலே பொருளாதாரம் ஒன்று இருக்கிறது. மூலப்பொருள் நோயாளியுடையது, அபாயமும் அவருடையதே. விலை கொடுத்துத் திரும்பப் பெறுபவரும் அவரே. நிலையத்தார்க்கு உரியது இலாபம் மட்டுமே. அந்த இலாபத்துக்குத்தான் “உன் உடல் உன் உரிமை” என்னும் கொடி பிடிக்கப்படுகிறது. கொழுப்பைக் கரைத்துப் பிரித்தெடுத்த கலவை மருந்துச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 2021இலும் 2024இலும் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இரண்டு தீர்ப்பளித்தன. தன் இரத்தத்திலேயே கலந்த நஞ்சும் நஞ்சுதானே.

முறையான சோதனையால் நன்மை விளையும் என்பதற்கும் உறுதியில்லை. அதன் மதிப்பு வேறு. பிறர் கொடுத்த கொழுப்பின் கலங்களிலிருந்து ஆக்கிய, குடல் நோயின் புரைகளுக்கான மருந்தொன்றை 2018இல் ஐரோப்பா அங்கீகரித்தது. பெரிய சோதனையொன்றில் அதன் பயன் நிரூபிக்கப்படாமையால், 2024இல் சந்தையிலிருந்து அது மீட்கப்பட்டது. தோல்வியானாலும் கணக்கு எழுதப்பட்டது. அடுத்த நோயாளிக்கு அது அறிவாகச் சேர்ந்தது. கட்டணச் சிகிச்சையில் நோயாளி குருடானாலும் குணமானாலும் மனிதகுலம் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

நெளுக்குளத்திலிருந்து பார்ப்பவர்க்கு இது தூரதேசத்துக் கதையன்று. 2009இல் முடிந்த போர், முள்ளந்தண்டு முறிந்து சக்கர நாற்காலியில் வாழ்வோரை வன்னியெங்கும் விட்டுச் சென்றிருக்கிறது. நாளை ஒரு விளம்பரம் அவர்கள் வாசலுக்கு வரலாம். கடலுக்கு அப்பால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அங்கீகரிக்கப்பட்ட சில நோய்களுக்கு அப்பால் மூலக்கலச் சிகிச்சையைச் சோதனையாக மட்டுமே நடத்தலாம் என்று 2017இல் வரையறுத்திருப்பினும், விளம்பரம் வரையறையைக் கேட்டு வருவதில்லை.

“நடக்க இயலாத எனக்கு இழப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று அவர்களுள் ஒருவர் கேட்டால், நம்பிக்கையை விட்டுவிடு என்று சொல்ல நமக்கு வாயெழாது. நன்றாக நடக்கும் கால்களோடு நின்று அப்படிச் சொல்வது அநாகரிகமும் ஆகும். ஆனால் அவரிடம் நாற்காலியை உருட்டும் கைகள் இருக்கின்றன. வலியற்ற இரவுகள் சில இருக்கின்றன. அடகு வைக்கக்கூடிய காணித்துண்டு ஒன்றும் இருக்கலாம். புளோரிடாவின் மூவருக்கும் அந்த ஊசிக்கு முன்பு ஓரளவு பார்வை இருந்தது.