நம்பிக்கையும் நாணயமும்

மகப்பேறு இறைவனின் கொடை. தான் நாடியவர்க்குப் பெண்மக்களையும், நாடியவர்க்கு ஆண்மக்களையும் அவன் அளிக்கிறான். சிலர்க்கு இருபாலாரையும் சேர்த்தே தருகிறான். சிலரை மகப்பேறு அற்றவராக ஆக்குகிறான் என்னும் கருத்தைத் திருமறையின் அஷ்ஷூரா அத்தியாயம் எடுத்துரைக்கிறது. இந்நான்கு நிலைகளையும் ஒருங்கே வைத்துப் பேசும் அவ்வசனங்கள் அவற்றுள் எதனையும் இழிவென்று கூறவில்லை. நம் இல்லங்களிலோ நிலைமை வேறாக இருக்கிறது. நிக்காஹ் முடிந்து ஓராண்டு நிறைவதற்குள் "விசேஷம் உண்டா?" என்னும் கேள்வி எழுந்துவிடுகிறது. அக்கேள்வி மருமகளை நோக்கியே எழுகிறது. மகனை நோக்கி எழுவதில்லை.

அக்கேள்வியின் சுமை தாங்காமல் நம் பெண்கள் பல வாயில்களைத் தட்டுகிறார்கள். அவற்றுள் ஒன்று அக்குபங்சர் என்னும் ஊசிமுறைச் சிகிச்சை. இதனை நாடுவது முறையா? நாடி வருவோர்க்கு எந்த அளவு நம்பிக்கை கொடுப்பது முறை? முதல் வினாவுக்கு விடை எளிது. இரண்டாவது வினாவே நம் நாணயத்தைச் சோதிப்பது.

நோயைத் தந்த இறைவன் மருந்தையும் தந்திருக்கிறான், ஆகவே சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி கற்பித்தவர்களும் அவர்களே. முதுமை எய்தி எலும்புகள் தளர்ந்த பின்னும் ஸகரிய்யா (அலை) அவர்கள் மகப்பேறு வேண்டிக் கையேந்தத் தயங்கவில்லை. ஆகவே முயல்வதும் வேண்டுவதும் தவக்குலுக்கு முரணல்ல. சிகிச்சை சீனத்தில் பிறந்தது என்பதும் ஒரு தடையாகாது. 1938ஆம் ஆண்டில் போரால் துன்புற்ற சீன மக்களுக்குப் பணியாற்றச் சென்ற ஐந்து இந்திய மருத்துவர்களுள் டாக்டர் கோட்னிஸ் 1942இல் அம்மண்ணிலேயே உயிர் நீத்தார். அக்குழுவின் மற்றொரு மருத்துவரான டாக்டர் பாசு, பின்னாளில் அங்கு மீண்டும் சென்று ஊசிமுறையைக் கற்று வந்து கல்கத்தாவில் பரப்பினார். மேற்கு வங்கம் 1996இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 2019இல் நடுவண் அரசும் இதற்கு ஏற்பு வழங்கியது.

ஆனால் அரசின் ஏற்பு வேறு, குறிப்பிட்ட ஒரு குறைக்கு அது பயன்படுமா என்பது வேறு. 2002இல் ஜெர்மனியில், சோதனைக் குழாய் முறையில் கருத்தரிக்க முயன்ற 160 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கும், பெறாதவர்களில் 26 பேருக்கும் கரு தங்கியதாக அது அறிவித்தது. உலகெங்கும் நம்பிக்கை துளிர்த்தது. பின்னர் இன்னும் பெரிய ஆய்வுகள் வந்தன. உண்மை ஊசியை ஒரு சாராருக்கும், உரிய புள்ளிகளை விடுத்துப் பெயரளவில் செய்யும் போலிச் சிகிச்சையை மறு சாராருக்கும் அளித்து ஒப்பிட்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், குழந்தை பெற்றோர் முதல் சாராரில் நூற்றுக்கு 18.3, மறு சாராரில் 17.8. வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். சினைப்பை நீர்க்கட்டி உடைய ஆயிரம் பெண்களிடம் சீனத்திலேயே நடந்து 2017இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. குளோமிபீன் மாத்திரையோடு உண்மை ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 29 பேரும், அம்மாத்திரையோடு போலி ஊசி பெற்றவர்களில் 28 பேரும் குழந்தை பெற்றனர். மாத்திரை இல்லாதபோது உண்மை ஊசிக்கு 14, போலி ஊசிக்கு 17. பலன் மாத்திரையினால் விளைந்ததே அன்றி ஊசியினால் விளைந்ததாகத் தெரியவில்லை.

அப்படியாயின் இச்சிகிச்சையை அறவே விலக்க வேண்டுமா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. தூய்மையான, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியைக் கொண்டு, பயிற்சி பெற்றவர் செய்தால் தீங்கு மிகக் குறைவு. கவலையால் வாடும் ஒரு பெண் அரைமணி நேரம் அமைதியாகப் படுத்து, தன் துயரைப் பொறுமையோடு கேட்கும் ஒருவரிடம் பேசி, மனம் தேறி எழுந்தால், அதுவும் ஒரு நன்மையே. மருத்துவரின் சிகிச்சையோடு துணையாக இதனை வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. "இது மன அமைதி தரக்கூடும், குழந்தை தரும் என்று நான் உறுதி கூற முடியாது" என்று சொல்லிச் செய்பவர் நாணயமானவர். "மூன்று மாதத்தில் கரு தங்கும், மாத்திரைகளை நிறுத்திவிடு" என்பவர் அத்தகையவர் அல்லர்.

மதீனத்துக் கடைத்தெருவில் தானியக் குவியலுள் கைவிட்டுப் பார்த்த நாயகம் (ஸல்) அவர்கள், மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் எனக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். காவிரிக் கரையில் நெல் வாங்கி விற்று வாழும் நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. நனைந்த தானியத்தை வாங்கியவனுக்குப் பணம் மட்டுமே நட்டம். பொய் நம்பிக்கையை வாங்கிய பெண் இழப்பது காலத்தை. முப்பத்தைந்து வயதுக்குப் பின் கருத்தரிக்கும் வாய்ப்பு விரைந்து குறைவதால், அவள் வீணாக்கிய ஈராண்டை எவராலும் திருப்பித் தர இயலாது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்னும் நபிமொழியும் இங்கு நினைக்கத் தக்கது.

எனினும் பழியை முழுவதும் சிகிச்சை செய்வோர்மீது சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்ள முடியாது. பொய் வாக்குறுதி விலைபோவது, அதற்கான தேவையை நாம் உண்டாக்கி வைத்திருப்பதால் அன்றோ? முசிறியிலிருந்து குணசீலம் வழியே திருச்சிக்குப் பேருந்தேறி, வாரந்தோறும் ஊசி போட்டுக்கொண்டு மாலையில் திரும்பும் பெண், அன்று இரவும் அதே கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. மகப்பேறின்மைக்கான காரணம் ஏறக்குறையப் பாதி இணைகளில், தனித்தோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ, கணவரிடமும் இருக்கிறது என்று மருத்துவம் கூறுகிறது. அதனை அறிய வேண்டிய விந்துப் பரிசோதனையோ எளியது, செலவு குறைந்தது. கணவர் அதற்கு உடன்படாதிருக்க, மனைவியின் உடலில் மட்டும் ஊசி ஏறுவது நீதியாகுமா? ஓராண்டு முயன்றும் கரு தங்காவிடில், மனைவிக்கு முப்பத்தைந்து கடந்திருந்தால் ஆறு திங்களிலேயே, இருவரும் சேர்ந்து தகுதி பெற்ற மருத்துவரைக் காண்பதே முறை.

எல்லா முயற்சிகளுக்குப் பின்னும் மடி நிறையாதவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களை எண்ணும்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை நினைவுகூர்வோம். அவர்களுக்கு மகவு இல்லை. எனினும் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் மகன் பெயரால் உம்மு அப்துல்லாஹ் என அழைக்கப்படும் சிறப்பை நாயகம் (ஸல்) அவர்களே அளித்தார்கள். 2210 நபிமொழிகள் அவர்கள் வாயிலாக உலகுக்குக் கிடைத்தன. மூத்த தோழர்களும் ஐயம் தெளிய அவர்களையே நாடினார்கள். முஃமின்கள் அனைவருக்கும் அன்னை என்று நாம் போற்றும் அவர்களை எவரேனும் குறையுடையவர் என்று சொல்லத் துணிவாரா? நம் வீட்டு மருமகளிடம் மட்டும் அச்சொல்லை எறிய நமக்கு உரிமை அளித்தவர் யார்?

ஆகவே, சிகிச்சை செய்வோர் தம் எல்லையைச் சொல்லிவிட்டு ஊசியைத் தொடட்டும். கணவர் மனைவிக்கு முன்னதாகப் பரிசோதனைக்குச் செல்லட்டும். மாமியும் நாத்தனாரும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அவளுக்காக துஆச் செய்யட்டும். அவ்வீட்டில் பெண்ணொருத்தி சிகிச்சைக்குச் செல்வாளாயின், அச்சத்தால் துரத்தப்படாமல், தன் விருப்பத்தோடு செல்வாள். குழந்தை பிறந்தாலும் பிறவாவிடினும் அவள் மதிப்பு குன்றாது. அத்தகைய இல்லங்களை நம் சமுதாயத்தில் பெருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக.