ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளிக்கூடம்? - ஜும்ஆ உரை

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.



இன்னும் சில வாரங்களில் ஆண்டுத் தேர்வு. நம் மஹல்லாவில் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகளுக்கு ஜூனில் எந்தப் பள்ளிக்கூடம்? ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியா, அரசு மேல்நிலைப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா? இதெல்லாம் துன்யா விஷயம், இதை மிம்பரில் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். பேசத்தான் வேண்டும். உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் நெருப்பிலிருந்து காத்துக்கொள்ளுங்கள் என்பது சூரா தஹ்ரீமின் ஆறாவது வசனத்தில் வரும் கட்டளை. பிள்ளை நம் கையில் இருக்கும் அமானிதம். பத்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை, பிள்ளை பாலிகாகிற பருவத்தில், ஒரு நாளின் பெரும் பகுதியை யாரோடு கழிக்கிறது என்பது துன்யா விஷயம் மட்டுமா?

குர்பானிக்கு ஆடு வாங்கப் போகிறோம். பல்லைப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். ஒரு சந்தையில் பிடிக்காவிட்டால் அடுத்த சந்தைக்குப் போகிறோம். பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மட்டும் டீக்கடையில் முடிவு செய்துவிடுகிறோம். “அங்கே வாத்தியாரே வருவதில்லையாம்”, “அங்கே படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கெட்டுப் போகிறார்களாம்”. இந்த ‘ஆம்’ எங்கிருந்து வந்தது? ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று சூரா ஹுஜுராத் சொல்கிறது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. நேர்மையாக உழைக்கிற ஆசிரியர் மீது, போய்ப் பார்க்காமலே நாம் பழி போடுகிறோம். அதற்கும் கேள்வி கணக்கு உண்டு.

ஆகவே போய்ப் பாருங்கள். வகுப்பு நடக்கிற நாளில், லீவு முடிவதற்குக் காத்திராமல், இந்த மாதமே போங்கள். இரண்டு மூன்று பள்ளிக்கூடங்களுக்குப் போனால்தான் வித்தியாசம் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டப்படி, ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். கணிதம்-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: “கணக்குப் பாடம் யார் எடுக்கிறார்கள் சார்? இடம் காலியாக இருக்கிறதா?” பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெயின்ட் புதிதாக இருக்கலாம், கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் அந்தப் பெயின்ட் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கும்?

கழிப்பறையைப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள். தண்ணீர் வருகிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா? ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனியே இருக்க வேண்டும் என்பது சட்டம். தஹாரத்தை ஈமானின் பாதி என்று சொன்ன மார்க்கம் நம்முடையது. கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண் பிள்ளைகள் உண்டு. ஹைளு நாட்களில் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் நின்றுவிடுகிற பிள்ளைகள் உண்டு. தாய்மார்கள் உடன் போனால் இதை ஒரே பார்வையில் கண்டுகொள்வார்கள். அத்தாமார் மட்டும் போய் வாசலில் பேசிவிட்டு வருவது போதாது.

இதைவிட முக்கியமானது ஒன்று. பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் ஈட்டுத்தொகை கொடுக்க வசதியில்லாதவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதே அவர்களின் ஈட்டுத்தொகை என்று நபி (ஸல்) அவர்கள் ஆக்கினார்கள். இதை நாம் அடிக்கடி சொல்கிறோம். கற்பிக்கிறவர் முஸ்லிமாக இல்லாவிட்டாலும் கல்வியைப் பெறலாம் என்பதற்கு ஆதாரமாகவும் காட்டுகிறோம். ஆனால் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பதாக முஸ்னத் அஹ்மதில் வரும் அந்தச் செய்தியின் மீதிப் பகுதியை விட்டுவிடுகிறோம். ஒரு சிறுவன் அழுதுகொண்டே தகப்பனாரிடம் வந்தான். என்ன என்று கேட்டார். வாத்தியார் அடித்துவிட்டார் என்றான். பத்ரின் பழியை அந்த ஆள் என் பிள்ளை மீது தீர்க்கப் பார்க்கிறான் என்று சொல்லி, இனி அவனிடம் நீ போகவே கூடாது என்று சத்தியமிட்டு நிறுத்திவிட்டார் அந்தத் தகப்பனார்.

கவனியுங்கள். அந்தத் தகப்பனார் பிள்ளை அழுததைப் பார்த்தார், காரணம் கேட்டார், நம்பினார். நம் பிள்ளைகள் அழுதால் “நீ என்ன சேட்டை செய்தாய்?” என்றுதான் முதலில் கேட்கிறோம். உடல் ரீதியான தண்டனையும் மனதை நோகடிப்பதும் அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவில் தடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள்: சார் அடிப்பாரா? தெரியவில்லை என்று சொன்னால் திட்டுவாரா? டீச்சரிடம் சந்தேகம் கேட்க முடியுமா? இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் தாயார், மகனுக்குத் தலைப்பாகை கட்டி ரபீஆவிடம் அனுப்பியபோது, அவருடைய இல்முக்கு முன்னால் அவருடைய அதபைக் கற்றுக்கொள் என்று சொல்லி அனுப்பினார்களாம். ஆசிரியரின் குணத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்த தாய்!

ஜும்ஆவுக்குப் பிள்ளைகளை விடுவார்களா, மகள் தலையை மூடிக்கொண்டு வரலாமா, மாலை மக்தபுக்கு நேரத்தில் வீடு திரும்ப முடியுமா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். பக்கத்தில் இருக்கிறது, நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்றால் சேர்க்கலாம். ஆனால் எட்டு முடித்த பெண் பிள்ளைகள் பிறகு எங்கே போனார்கள் என்று கேளுங்கள். ஒன்பதாம் வகுப்புக்குத் தூரமாகப் போக வேண்டும் என்பதற்காக வீட்டில் உட்கார வைக்கப்படும் மகள், நம் சமுதாயத்தில் இன்றும் இருக்கிறாள். அந்த மூன்று வருடத்துக்குப் பிறகு என்ன என்பதை இன்றே யோசித்து நிய்யத் வையுங்கள்.

மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. மறு வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இது வந்தது. உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இது கிடைக்காது. ஆக, ஆறாம் வகுப்பில் போடும் கையெழுத்து பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகும் பேசும். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். இது அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் பொது. உங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று தலைமை ஆசிரியரைக் கேட்டால், அவர் பதில் சொல்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

மகனைக் கட்டணம் கட்டி ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டு, மகளுக்கு எது இருக்கிறதோ அது போதும் என்கிற வீடுகள் இருக்கின்றன. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை இவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்கப் போனார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். அந்தக் கட்டணத்துக்காக நகையை வட்டிக்கு வைக்கிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். நடந்து போகும் தூரத்தில் நல்ல அரசுப் பள்ளிக்கூடம் இருக்கும்போது வட்டி என்ற நெருப்பை வீட்டுக்குள் கொண்டு வருவது எந்தக் கல்விக்காக?

பார்த்தீர்கள், எதுவும் முழுத் திருப்தியாக இல்லை என்று வைத்துக்கொள்வோம். இருப்பதில் நல்லதைத் தேர்ந்தெடுங்கள், வீட்டாரோடு மஷ்வரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள். சேர்த்த பிறகு ஒதுங்கி நிற்காதீர்கள். அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நம் தாய்மார்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகட்டும். தாழ்ப்பாள் இல்லாத கதவைப் பற்றி அங்கே பேசட்டும்.

தொழுகைக்குப் பிறகு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் வெளித் திண்ணையில் பத்து நிமிடம் இருங்கள். நம் ஜமாஅத்தில் ஆசிரியர்களாக இருக்கும் சகோதரர்கள் உங்களோடு பேசுவார்கள்.

பாரகல்லாஹு லீ வலகும்.