சுவரை மறைப்பது பொய்யாகுமா?

ஜிப்சம் போர்டால் உள்சுவரையும் கூரையின் அடிப்பக்கத்தையும் மூடும்போது கட்டடத்தின் மெய்யான உடல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அது ஏமாற்றாகுமா? கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1849-இல் வெளியிட்ட 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' நூலில் இத்தகைய மறைப்புகளை அறக்கேள்வியாகவே ஆராய்ந்தார். செங்கல்லின் மேல் பூசுவது குற்றமல்ல, பூச்சில் கோடு கீறிக் கல்போலக் காட்டுவதே பொய் என்பது அவர் முடிவு. கட்டடக்கலைஞர் அடால்ஃப் லோஸ் 1898-இல் இதை விதியாக்கினார்: போர்வையைப் போர்த்தப்பட்ட பொருளென்று எவரும் மயங்கக் கூடாது.

அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் 1894-இல் காப்புரிமை பெற்ற பலகையிலிருந்து வளர்ந்த இன்றைய போர்டு இவ்விதியில் எளிதில் தேறாது. 12.5 மி.மீ. பலகைகளை உலோகச் சட்டத்தில் திருகுவார்கள். திருகின் தலை பலகையின் மேற்காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே உள்ளிறங்கி நிற்க வேண்டும். இணைப்பில் காகித டேப் ஒட்டி, பட்டி பூசித் தேய்த்தபின் மூட்டு இருந்த இடமே தெரியாது. தட்டிப் பார்த்தால்தான் உள்ளே வெற்றிடம் இருப்பது புலப்படும்.

ஆனாலும் மறைப்பு வேறு, ஏய்ப்பு வேறு. வண்ணம் பூசிய சமதளம் தன்னைக் கல்லென்றோ மரமென்றோ சொல்லிக்கொள்வதில்லை. போர்டுக்குச் சொந்த வேலையும் உண்டு: ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு படிகநீர், தீயில் அது ஆவியாகி வெப்பம் பரவுவதைத் தாமதப்படுத்துகிறது. கசிவுள்ள சுவரைச் சீர்செய்யாமல் போர்டால் மூடி விற்பதுதான் மெய்யான பொய். ஈரத்தால் உள்ளேயே பூஞ்சை வளரும். வாங்கியவர் அதை அறிய வழியிருக்காது. தெரிந்தும் சொல்லாமல் விற்றவரே அதற்குப் பொறுப்பு.