பிறர் நிலத்து வழி

ஒரு பொருளை உடைமையாகக் கொள்ளாமலேயே அதனை முழுமையாக அனுபவிக்க முடியுமா என்பதும், முடியுமாயின் அந்த அனுபவத்துக்குத் துறவு என்னும் உயர்ந்த பெயரைச் சூட்டலாமா என்பதும், சமய சிந்தனை தோன்றிய நாள்முதல் மனிதரை விடாமல் தொடர்ந்து வரும் வினாக்கள். நம் ஆசாரியர்கள் பெரும்பாலும் வீட்டையும் வனத்தையும் எதிரெதிரே நிறுத்தி இவற்றை ஆராய்ந்தார்கள். வீட்டில் இருப்பவனுக்குப் பொருளும் உண்டு, பற்றும் உண்டு, வனம் புகுந்தவனுக்கு இரண்டும் இல்லை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. ஆனால் வனமே ஒருவருடைய பெயரில் பதிவான சொத்தாக இருந்து, அதே வனத்தில் உலகோர் எவரும் உடையவரின் அனுமதி கேளாமல் உலவலாம் என்ற உரிமையும் நிலவுகின்ற ஒரு தேசத்தில், இந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

பின்லாந்து அத்தகைய தேசம். சிறு குட்டைகளைக் கழித்துவிட்டு எண்ணியும் 1,87,888 ஏரிகள் என்று கணக்குச் சொல்லும் அந்நாட்டில், நிலத்தின் முக்காற்பங்கு காடு. அக்காட்டிலும் பாதிக்கு மேல் சாதாரணக் குடும்பங்களின் தனி உடைமை. சைமா என்னும் பேரேரியைச் சூழ்ந்த கிழக்குப் பகுதியில், நீருக்கும் மரத்துக்கும் இடையே வளைந்து வளைந்து செல்லும் சரளைச் சாலைகளை நாடி, அகன்ற டயர் பூட்டிய சைக்கிள்களில் நகரவாசிகள் இப்போது திரளாக வருகிறார்கள். தார்ச்சாலையின் வேகத்தை விட்டுக் கொடுத்து, டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து, கல்லின் அதிர்வைக் கையிலும் தோளிலும் ஏற்றுக்கொண்டு, பைன் மரங்களும் பிர்ச் மரங்களும் நிறைந்த காட்டினூடே நாள் முழுவதும் செல்லும் இந்தப் பயணத்தை அவர்களிற் பலர் ஒருவகைத் தவமாகவே உணர்கின்றனர். அந்த உணர்ச்சியை நான் மதிக்கிறேன். அதன் பெயர் தவமா என்பதே கேள்வி.

அந்தச் சரளைக்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் அந்நிலத்தை மூடிக்கிடந்த பனிப்பாளம் உருகிப் பின்வாங்கியபோது, அதன் அடியிற் குடைந்தோடிய உருகுநீர் ஆறுகள் பாறைத் துண்டுகளை உருட்டி, முனை மழுக்கி, பருத்தவற்றையும் நுண்ணியவற்றையும் தரம் பிரித்து, தாம் ஓடிய தடத்திலேயே குவித்துச் சென்றன. பனி மறைந்தபின் அக்குவியல்கள் நீண்ட மேடுகளாக எஞ்சின. எங்கும் நீரும் சதுப்புமாகக் கிடக்கும் நாட்டில் உலர்ந்து உறுதியான இடம் அதுவே ஆதலின், பழைய வழிகள் பலவும் அம்மேடுகளின் முதுகிலேயே ஏறிச் சென்றன. புங்காஹர்யு என்னுமிடத்தில் அத்தகைய மேடு ஒன்று ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரியைப் பிளந்துகொண்டு செல்கிறது. அதன்மேல் செல்பவனுக்கு இருபுறமும் தண்ணீர். பிற்காலத்தில் சாலை போடுவதற்கான கல்லையும் இம்மேடுகளிலிருந்தே தோண்டினார்கள். ஆகவே அங்கே தன்னை நில உரிமையாளன் என்று சொல்லிக்கொள்ளும் எவனும் தன் வழியில் கிடக்கும் ஒரு கல்லையேனும் ஆக்கியவன் அல்லன். உடைமை என்பதே ஒரு மாயைதான் என்று இங்கேயே முடிவு கட்டிவிட வேதாந்திக்கு ஆசை எழக்கூடும்.

அவ்வளவு விரைவில் முடிவு கட்டலாகாது. கல்லை ஆக்கியது பனியே எனினும், கல்லைச் சாலையாக வைத்திருப்பது மனிதன். சரளைச் சாலை தார்ச்சாலையைப் போலப் போட்டுவிட்டு மறந்திருக்கக் கூடியதன்று. அதன் நடுப்பகுதி சற்றே உயர்ந்து இருபக்கமும் சரிந்திருந்தால்தான் மழைநீர் ஓரக் கால்வாய்க்கு ஓடும். வண்டிகள் ஓட ஓட அந்த உருவம் கலைந்து, குழிகளும் குறுக்கலைகளும் தோன்றும். எனவே பெரிய இரும்பலகு பூட்டிய இயந்திரத்தைக் கொண்டு மீண்டும் மீண்டும் சீவி உருக்கொடுக்க வேண்டும். கோடைத் தொடக்கத்தில் புழுதி பறந்து போகாதபடி ஈரத்தைப் பிடித்து வைக்கும் கால்சியம் குளோரைடு உப்பைத் தூவவேண்டும். எல்லாவற்றினும் கொடியது வசந்த காலம்: குளிரில் உறைந்த மண் மேலிருந்து இளகத் தொடங்கும்போது அடிமண் இன்னும் கல்லாகவே இருப்பதால், உருகிய நீர் கீழே இறங்க வழியின்றி நடுவில் தேங்கி, சாலை முழுவதும் களியாகிவிடும். அந்த வாரங்களில் கனரக வண்டிகளுக்குத் தடை விதிப்பதுண்டு.

இந்தப் பணியைச் செய்பவர் யார்? அரசின் பராமரிப்பில் உள்ள சாலைகள் சுமார் 78,000 கிலோமீட்டர். தனியார் சாலைகளோ அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஒரு சாலையை ஒட்டி நிலமுடையோர் பலர் சேர்ந்து ஒரு சபையாகக் கூடி, எவருக்கு அச்சாலையால் எவ்வளவு பயன் என்று கணித்து, அந்த விகிதப்படி செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். காட்டுமரம் ஏற்றிச் செல்பவனுக்கு ஒரு பங்கு, பால் வண்டி வந்துபோகும் பண்ணைக்கு ஒரு பங்கு, கோடையில் மட்டும் வந்து தங்கும் ஏரிக்கரைக் குடிலுக்கு ஒரு பங்கு. சைக்கிளில் கடந்து போகிறவனுக்கு யாதொரு பங்கும் இல்லை. மோட்டார் வண்டிகளைத் தடுக்கக் குறுக்குக் கம்பம் வைத்த தனியார் வழியிலும் அவனும் நடந்து செல்வோரும் தாராளமாகப் போகலாம். காட்டில் விளையும் பெர்ரிப் பழங்களையும் காளான்களையும் பறிக்கலாம். குடியிருப்புகளிலிருந்து விலகி ஓரிரவு கூடாரமடித்துத் தங்கலாம். தூண்டில் போட்டு மீன் பிடிக்கலாம். மரம் வெட்டலாகாது, பாசி பெயர்க்கலாகாது, உடையவரைக் கேளாமல் தீ மூட்டலாகாது, பயிர் நிலத்திலும் வீட்டு முற்றத்திலும் நுழையலாகாது. இவ்வுரிமை ஒரே சட்டத்தின் ஒரே ஷரத்தாக எழுதிவைக்கப்பட்டதன்று. வழக்கமாக வேரூன்றி, பல சட்டங்களின் இடுக்குகளில் அரண் பெற்று நிற்பது.

இப்போது துறவி யார் என்று கேட்போம். பறித்த பழத்தைத் தின்று, ஏரியில் முழுகி, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடாமல் மாலையில் வெளியேறும் பயணி, தான் எதையும் உடைமையாக்கவில்லை என்பதால் பற்றற்றவன் என்று எண்ணுவானாயின், அது எளிதான மயக்கம். அவன் விட்டுக்கொடுத்தது ஒன்றுமில்லை. அவனுக்கு விடுவதற்கு அங்கே ஏதும் இருந்ததில்லை. இல்லாததை விடுவது துறவாகாது. வரி கட்டி, சாலைப் பங்கு செலுத்தி, புயலில் சாய்ந்த மரத்தை அகற்றி, பேரனுக்காகக் கன்று நட்டு, இத்தனைக்கும் பின் பெயர் தெரியாத அந்நியன் ஒருவன் தன் காட்டுப் பழத்தைக் கூடை நிறையக் கொண்டுபோவதைச் சன்னல் வழியே கண்டும் வாளாவிருக்கும் அந்தக் குடியானவனிடத்தில்தான் நான் துறவின் இலட்சணத்தைக் காண்கிறேன். புறப்பற்றை அவன் விடவில்லை, நிலம் அவனுடையதே. ஆனால் பிறரை விலக்கி வைப்பதில் உண்டாகும் இன்பத்தை விட்டிருக்கிறான். சொத்தின் சாரமே அந்த இன்பம்தான் என்று எண்ணுவோருக்கு இது எத்தகைய தியாகம் என்பது விளங்கும். சட்டத்தின் கட்டாயத்தால் செய்வது எங்ஙனம் தியாகமாகும் என்று ஆட்சேபம் எழலாம். வழக்கமாகிவிட்ட நற்செயல் தன் புண்ணியத்தை இழந்துவிடும் என்று நான் நம்பவில்லை. நாள்தோறும் விளக்கேற்றுகிறவளை, வழக்கத்தால் ஏற்றுகிறாள் என்று எவரும் தள்ளுவதில்லை.

இந்த வழக்கத்துக்குச் சோதனை வராமலில்லை. பயணி பறிக்கும் ஒரு கூடைக்கென ஏற்பட்ட உரிமையைக் கொண்டு, நிறுவனங்கள் தாய்லாந்திலிருந்து கூலியாட்களை ஆயிரக்கணக்கில் வரவழைத்து, பழத்தைப் பெரும் வாணிபமாக்கியிருக்கின்றன. வந்த ஏழைகள் கடனில் சிக்கியது நீதிமன்றம் வரை சென்றது. உடைமை இன்றி நுகர்வதில் பேராசைக்கு இடமில்லை என்று கருதுவோர் இதனை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

உடைமையை விரதமாகவே துறந்தவர்களும் இக்காட்டில் உண்டு. முற்கூறிய சாலைகளுள் ஒன்று ஹெய்னாவெசிப் பகுதியில் வாலமோ என்னும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ மடத்துக்கும், அச்சபையின் ஆலயங்களுக்கு மெழுகுவர்த்தி செய்தளிக்கும் லின்துலா கன்னியர் மடத்துக்கும் இடையே செல்கிறது. சைக்கிளில் ஒரு காலைப் பொழுதில் கடந்துவிடும் தூரம். வாலமோ மடம் நூற்றாண்டுகளாக லடோகா ஏரித் தீவில் இருந்தது. 1940ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், சோவியத் நாட்டோடு போர் மூண்டு தீவு கைவிட்டுப் போகும் தறுவாயில், துறவிகள் திருவுருவப் படங்களோடும் நூல்களோடும் வெளியேறி, யுவோயார்வி ஏரிக்கரையில் ஒரு பண்ணையை வாங்கிக் குடியமர்ந்தார்கள். அந்த ஏரியின் நீர் பாலோக்கி வழியாக இறங்கி, ஏரி ஏரியாகக் கடந்து, சைமாவில் கலந்து, வுவோக்ஸி ஆறாகி லடோகாவையே அடைகிறது. அவர்கள் திரும்ப இயலாத இடத்துக்கு அவர்களுடைய கரையைத் தொட்ட நீர் தடையின்றிச் சென்றது.

உடைமையில்லை என்று விரதம் பூண்டவர்களுக்கே அந்த இழப்பு கடினமாக இருந்திருக்குமாயின், அதே போரில் எல்லைக்கு அப்பால் போய்விட்ட கரேலியா என்னும் பகுதியின், விரதம் ஏதும் பூணாத குடியானவர்களின் நிலை என்ன? நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். போரின் போக்கு மாறியபோது பெரும்பாலோர் திரும்பிச் சென்று கூரை வேய்ந்து விதைத்தார்கள். 1944இல் இரண்டாம் முறையும் விட்டு வந்தார்கள். அவர்களைக் குடியேற்ற 1945ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்து, அரசு நிலத்தோடு தனியார் நிலத்திலும் பங்கு எடுத்துக் கொடுத்தார்கள். அதன்பின் காட்டுக்குள் புதுப் பண்ணைகளும் அவற்றுக்குச் சாலைகளும் தோன்றின. இன்று சைக்கிளில் செல்பவன் மிதித்துச் செல்லும் வழிகளிற் சில அவ்வாறு பிறந்தவை. நிலத்தைப் பகுத்துக் கொடுத்தவரின் மக்களும், இழந்து வந்து பெற்றவரின் மக்களும் இப்போது ஒரே சாலைச் சபையில் அமர்ந்து, யாரோ ஒருவன் இலவசமாகப் போகப்போகிற வழிக்குச் சரளை வாங்குவதற்காகக் கணக்குப் பார்க்கிறார்கள்; மடத்தாரின் விரதத்துக்கு நான் செலுத்தும் வணக்கத்தில் குறையாததை அவர்களுக்கும் செலுத்துகிறேன்.